செக்போஸ்டுக்கு முன்னால் ஒரு டீ

மாமல்லபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு வேன் டிரைவர்கள் இருந்தார்கள்.

"டீக்கடைதான் மச்சான் என் லைசன்ச காப்பாத்துது."

"இன்னாடா சொல்ற?"

"மொத செக்போஸ்ட்ல டைம் போட்டு சீட்டு குடுக்கறான்ல. அடுத்த செக்போஸ்டுக்கு சீக்கிரமா போனா ஃபைன். நான் பறந்து போயி, அதுக்கு முன்னால கீற டீக்கடைல குந்திப்பேன். டைம் சரியா பூடும்."

"அப்ப மெதுவா போறவனும் நீயும் ஒண்ணா?"

"சீட்டுல ஒண்ணுதான்."

பக்கத்தில் மீன்கூடையோடு நின்றிருந்த ஒரு அம்மா திரும்பினாள்.

"எம்மவன் செத்தானே, அவன அடிச்ச வேன்காரனும் நேரா போயி டீ குட்ச்சான் நைனா. வேகமா வர்லன்னு கோர்ட்ல அந்த சீட்டதான் காட்டுனான். வுட்டுட்டாங்க."

திருவிடந்தையில் அவள் இறங்கும்போது கூடையைத் தூக்கிவிட டிரைவர்களில் ஒருவன் எழுந்தான்.

"வேணாம்" என்றாள்.