காலி நாற்காலிகள் மூச்சுவிட்ட நாள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே! மறைந்த நம் தலைவியின் உடன்பிறந்த தம்பி அவர்களே! மேடையோரம் நின்று, என் பேச்சைக் காது கேளாத நண்பர்களுக்குக் கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியை அவர்களே! சக்கர நாற்காலிகளிலும் ஊன்றுகோல்களிலும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் என் சங்கத்துச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஆசிரியை அம்மா, நடுவில் என் தொண்டை அடைத்தால் அதையும் கையால் காட்டிவிடாதீர்கள். அவர்களாவது என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

நான் தையல்காரன். ஒற்றைக் காலும் ஒரு கட்டையுமாக நடப்பவன். சங்கத்தின் துணைத்தலைவன். நம் தலைவியை, நாம் எல்லோரும் 'டெலிபோன் அக்கா' என்று அழைத்த அந்தப் பெருமாட்டியைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஓய்வு பெறும்வரை மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தார். இந்த ஊரில் அவர் குரலைக் கேட்காத வீடு உண்டா? உயிர் ஊசலாடும் நேரத்தில் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்! "பதறாதீங்க, டாக்டரைப் பிடிச்சுத் தர்றேன், லைன்லயே இருங்க" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பிழைத்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். புதிதாக வந்த மருத்துவர் ஒருவர் போனை எடுத்ததும் இருமினார். "டாக்டர், அந்த இருமலை முதல்ல யார்கிட்டயாவது காட்டுங்க. வார்டுக்கு அப்புறம் போகலாம்" என்றார் அக்கா. அந்த மருத்துவர்தான் இன்று நம் தலைமைக் கண்காணிப்பாளர். அம்மையார் சிரிக்கிறார்கள், எனவே நான் பொய் சொல்லவில்லை.

நண்பர்களே! நமது உதவித்தொகையைக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்ததை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'தாமாகச் சமாளிக்கக்கூடியவர்களுக்கு' இனி இல்லை என்றார்கள். யார் சமாளிக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சோதனை முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களைக் கவனிக்க ஆள் வைத்தார்கள். தெருமுனையில் ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி. உள்ளே இருந்து யாரும் இறங்கியதைப் பார்த்தவர் இல்லை.

நம் பூட்டுக்காரர், பூட்டுச் சாவி செய்யும் தோழர், முதுகெலும்பு தேய்ந்தவர். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்தார்கள். வீட்டு வாசலில் மகளைத் தூக்கிக்கொண்டு அவர் சிரிக்கும் படம். "தூக்க முடிகிறதே" என்றார்கள். உதவித்தொகை நின்றது. திரும்பி வந்து என்னிடம் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அது நான்தான் டெய்லரே. ஆனா அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க வேற யாரோ ஒருத்தன் என் பொண்ணைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருந்துச்சு."

அதற்குப் பிறகு இந்த ஊருக்கு என்ன ஆயிற்று? பட்டப்பகலில் திரைச்சீலைகள் விழுந்தன. நடக்க முடிந்த நாலு எட்டையும் வீட்டுக்குள் நடக்கப் பயந்தார்கள். வாய்விட்டுச் சிரிக்காதே என்று பிள்ளைகளை அதட்டினார்கள். ஒருவர் நாள் முழுக்க நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்ததால், உயிர் இருக்கிறதா என்று மனைவி தொட்டுப் பார்த்தாராம்.

இதை முதலில் கண்டுகொண்டவர் கண் தெரியாத அக்காதான். ஒரு காலை என்னோடு கடைத்தெருவில் வந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றார்.

"டெய்லரே, நம்ம ஆளுங்க சத்தத்தையே காணோமே?"

கேட்டுப் பார்த்தேன். பேருந்து, கடைக்காரர்கள், குழந்தைகள், எல்லாம் இருந்தன. ஊன்றுகோலின் ரப்பர் முனை இல்லை. காலைத் தாங்க மாட்டும் காலிப்பரின் இரும்புச் சத்தம் இல்லை. எண்ணெய் காணாத சக்கரம் ஒன்றுகூட இல்லை. எங்களையெல்லாம் யாரோ தெருவிலிருந்து துடைத்து எடுத்தது போல இருந்தது.

பிறகு பொதுக் கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டது. யார் வருவார்கள்? கூட்டத்துக்கு வர முடிந்தால் உனக்கு உதவி எதற்கு என்று கேட்பார்களே! எல்லோரும் வரமாட்டோம் என்றார்கள். அக்கா கோபப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். "பேசப் பயமா இருந்தா பேசாதீங்க. லைன்ல இருங்க. அது போதும்" என்றார்.

மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த துப்புரவுப் பெண்களும் வார்டு உதவியாளர்களும் தங்கள் கைபேசிகளைக் கழற்றிக் கொடுத்த நகை போல அவர் மடியில் கொட்டினார்கள். நான் ஒவ்வொன்றையும் ஒரு வீட்டோடு இணைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலிக்கு ஒன்றாக வைத்தேன். மண்டபத்தில் ஆட்களாக இருந்தது நாங்கள் இருவர் மட்டும்.

கருத்துக் கேட்பை நடத்த அரசு அனுப்பிய விசாரணைத் தலைவர் வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். "பொதுமக்கள் யாரும் வராததால், ஆட்சேபம் இல்லை என்று..." என்று தொடங்கினார்.

அக்கா எழுந்தார். "ஐயா, கொஞ்சம் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க."

மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. அப்போது கேட்டது. மூச்சு! முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு மண்டபம் முழுக்க மூச்சு. இழுப்பு நோய்க்காரரின் விசில். எங்கோ ஒரு சுவாசக் கருவியின் உஸ்ஸென்ற ஓசை. பேச வராத குழந்தையின் முனகல். யாருமே உட்கார்ந்திராத நாற்காலிகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு நாற்காலியின் முன் குனிந்து, ரகசியம் போல, "யார் இது?" என்று கேட்டார்.

"நான்தாங்க. நாலாவது மாடியில இருக்கேன். லிஃப்ட் கெட்டுப்போனதுலேருந்து கீழ இறங்கினதில்ல."

அடுத்த நாற்காலி கேட்காமலே பேசியது. "நான் என் பொண்ணைத் தூக்கினது உண்மைதாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாமக் கிடந்தேன். அதை யாருங்க படம் எடுத்தா?"

ஒரு நாற்காலியில் மட்டும் மூச்சே இல்லை. ஒரு சுவர்க்கடிகாரம் ஓடும் சத்தம் மட்டும். "இது ஏன் பேசவில்லை?" என்றார் தலைவர்.

அக்கா சொன்னார்: "அது நம்ம போர்டு எழுதுறவரோட அறைங்க. தசை எல்லாம் ஓய்ஞ்சுபோனவர். உதவிக்கு வந்த ஆளுக்குக் கொடுத்த காசை நிறுத்தினீங்க. தனியா இருந்தப்ப விழுந்து இறந்துட்டார். அவங்க அம்மா போனை அவர் கட்டில் மேல வச்சிட்டு வெளிய போயிட்டாங்க. உங்களுக்கு அந்த அறை கேக்கணும்னு சொன்னாங்க."

அன்று 'ஆட்சேபம் இல்லை' என்று எழுத அந்தப் பேனா நகரவில்லை. முடிவு ஒத்திவைக்கப்பட்டது. இது யாருடைய வெற்றி? நம் அக்காவின் வெற்றி!

ஆனால் அவர் அப்படி நினைக்கவில்லை. நுரையீரலில் சளி கட்டி, தான் வேலை பார்த்த அதே மருத்துவமனையில் படுத்திருந்தபோது என்னிடம் கேட்டார்: "வெளிய என்ன சத்தம் கேக்குது?"

"வண்டிச் சத்தம்தான் அக்கா."

"நம்ம ஆளுங்க?"

"இன்னும் இல்ல அக்கா."

என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார். "நான் பாதி வழிதான் கூட்டிட்டு வந்திருக்கேன் டெய்லரே. வீட்டுக்குள்ள இருந்தே மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்துட்டேன். தெருவுக்கு வரணும். பயந்தா பயந்துகிட்டே வரணும்."

மறுநாள் பிற்பகல் அவர் போய்விட்டார்.

சொந்தங்களே! அந்த இறுதி ஊர்வலத்தை நான் சாகும்வரை மறப்பேனா? நடுப்பகல். வண்டிக்குப் பின்னால் அவர் தம்பியும் நானும் மட்டும். இரண்டு பக்கமும் மூடிய சன்னல்கள். தெருமுனையில் அந்தச் சாம்பல் நிற வேன். தம்பி ஓட்டுநரிடம், "மெதுவாப் போங்க, யாராவது வருவாங்க" என்றார். யாரும் வரவில்லை.

பிறகு எனக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்னொரு 'டொக்'. ஒரு சக்கரத்தின் கிரீச்சொலி. இரும்புக் காலிப்பர். தாழ்ப்பாள்கள் திறக்கும் சத்தம், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. திரும்பினேன். நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள்! பூட்டுக்காரர் மகளின் கையைப் பிடித்திருந்தார். நாலாவது மாடி அம்மாவை நாற்காலியோடு தூக்கி அண்டை வீட்டார் இறக்கியிருந்தார்கள். பல மாதம் வெயில் படாத முகங்கள், அத்தனையும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. ஒருவரும் அழவில்லை.

வேன் அருகே வந்ததும் பூட்டுக்காரர் நின்றார். கறுப்புக் கண்ணாடியை நோக்கி முகத்தைத் திருப்பினார். சிறிது நேரம் பார்த்தார். பிறகு நடந்தார். அடுத்தவரும் நின்றார், பார்த்தார், நடந்தார். அதற்கடுத்தவரும். வேனுக்குள் ஏதோ அசைந்தது. பாதி ஊர்வலம் கடப்பதற்குள் அது பின்னோக்கி நகர்ந்து, திரும்பி, போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் வேன் நின்றிருந்த வெறும் தரையை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காவுக்கு நாம் செய்யும் அஞ்சலி மலர்வளையம் அல்ல. வரும் வியாழக்கிழமை சட்டசபையில் அந்தக் குறைப்புத் திட்டம் வாக்கெடுப்புக்கு வருகிறது. அதன் வாசலில், பகல் வெளிச்சத்தில், நாம் நிற்போம். நிற்க முடியாதவர்கள் உட்காருவோம். உட்கார முடியாதவர்கள் படுத்திருப்போம். அவர்கள் ஒவ்வொருவரும் நம் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இனிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்யத்தான் இருக்கிறது. மாடிகளிலிருந்து இறக்கிவிடத் தெம்புள்ள ஆட்கள் வேண்டும். சுவாசக் கருவியோடு வருபவர்களுக்குத் துணை வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள். கை தூக்க முடியாதவர்கள் குரல் கொடுங்கள். இரண்டும் முடியாதவர்கள் என்னைப் பாருங்கள். நான் ஒவ்வொருவரையும் பார்க்கும்வரை இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.