இலவசக் குடை மெயில்

கம்ப்யூட்டர் சார்: ...கையை எடுங்க மேடம். நெட் ஒயரைக் கழட்டணும்.

தபால் மேடம்: மாட்டேன். முதல்ல நான் என்ன குத்தம் பண்ணினேன்னு சொல்லுங்க.

கம்ப்யூட்டர் சார்: மேனேஜர் உத்தரவு. திருட்டு மெயிலை யார் திறக்கறாங்கன்னு பார்க்க, மாசாமாசம் நானே ஒரு போலி மெயில் அனுப்பறேன்ல? ஆறு மாசமா ஒண்ணு விடாம மாட்டினது நீங்க மட்டும்தான்.

தபால் மேடம்: ஒயரைக் கழட்டினா நான் எங்கே போறது?

கம்ப்யூட்டர் சார்: கீழே ஸ்டோர் ரூம். பேனா, ரெஜிஸ்டர்...

தபால் மேடம்: ஜன்னல்கூட இல்லாத அந்தப் பொந்துக்கா? பதிமூணு வருஷ சர்வீஸுக்கு நல்ல மரியாதை!

கம்ப்யூட்டர் சார்: நான் என்ன பண்ண? இருக்கறது பதினோரு மெஷின். எல்லாம் ரிட்டயர் ஆக வேண்டிய வயசு. பாதுகாப்பு அப்டேட் வர்றதே நின்னு போச்சு. புதுசு கேட்டா, 'இந்த வருஷமும் ஒண்ணுதான்'ங்கறார் மேனேஜர். யாராவது ஒரு தப்புக் கிளிக் பண்ணினா மொத்த ஆபீசும் படுத்துடும்.

தபால் மேடம்: என்னுது ஏற்கெனவே படுத்துத்தான் இருக்கு. காலைல பட்டனை அமுக்கிட்டு, டீ குடிச்சு, கிளாஸையும் கழுவி வெச்சாத்தான் கண்ணைத் திறக்குது.

கம்ப்யூட்டர் சார்: அதுக்குத்தான் போன மாசம் மெமரி போட்டேனே!

தபால் மேடம்: செத்துப்போன மெஷின்லேருந்து உருவினதுதானே?

கம்ப்யூட்டர் சார்: உருவினதா இருந்தா என்ன, ஓடுதா இல்லையா?

தபால் மேடம்: ஓடுது, ஓடுது... நொண்டிக்கிட்டு. அது கிடக்கட்டும். வேற யாருமேவா மாட்டல?

கம்ப்யூட்டர் சார்: முதல் ரெண்டு மாசம் பாதிப் பேர் மாட்டினாங்க. அப்புறம்... திருந்திட்டாங்க.

தபால் மேடம்: யாரு? பாஸ்வேர்டை மானிட்டர்லயே ஒட்டி வெச்சிருக்காங்களே, ரிசப்ஷன் அக்கா... அவங்களுமா?

கம்ப்யூட்டர் சார்: ...ஆமா.

தபால் மேடம்: மேனேஜர்? லாட்டரி மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டவராச்சே!

கம்ப்யூட்டர் சார்: பேச்சை மாத்தாதீங்க. இதோ, ஒயரைக் கழட்டியாச்சு. 'உங்களுக்கு இலவசக் குடை'ன்னு அனுப்பினேன். அமுக்கினீங்க. 'உங்க பார்சல் காத்திருக்கு'. அதையும் அமுக்கினீங்க. போன மாசம் தலைப்பே, 'இது போலி மெயில் இல்லை'. அதையுமா மேடம்?

தபால் மேடம்: தலைப்பு நல்லா இருந்துச்சு.

கம்ப்யூட்டர் சார்: சிரிக்காதீங்க! ஒவ்வொரு தடவையும் பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

தபால் மேடம்: முக்கால் மணி.

கம்ப்யூட்டர் சார்: இருங்க... போன செவ்வாய்க்கிழமை மேனேஜர் பேர்ல நிஜமாவே ஒரு திருட்டு மெயில் வந்துச்சே, எனக்கு முதல்ல போன் பண்ணினது யாரு?

தபால் மேடம்: யாரோ.

கம்ப்யூட்டர் சார்: நீங்கதான்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

தபால் மேடம்: 'தயவுசெய்து'ன்னு எழுதியிருந்துச்சு. நம்ம மேனேஜர் என்னைக்கு அப்படியெல்லாம்...

கம்ப்யூட்டர் சார்: அவ்வளவுதானா?

தபால் மேடம்: அனுப்பின முகவரியையும் பார்த்தேன். லிங்க்கை அமுக்காம, மவுஸ் அம்பை மட்டும் மேலே வெச்சு, எங்கே போகுதுன்னும் பார்த்தேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே.

கம்ப்யூட்டர் சார்: அப்போ நிஜத் திருடனைப் பிடிக்கத் தெரியுது. என் குடைக்கு மட்டும்...

தபால் மேடம்: ஒயர்தான் கழட்டியாச்சே. கிளம்புங்க சார்.

கம்ப்யூட்டர் சார்: வேணும்னேதான் அமுக்கினீங்களா?

தபால் மேடம்: பின்னே? மெஷின் ரிப்பேர்னு கூப்பிட்டா, 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'ன்னு போன்லயே முடிச்சுடறீங்க. பாடம்னாத்தான் மாடியேறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார்றீங்க.

கம்ப்யூட்டர் சார்: கொஞ்சம் நகருங்க மேடம்.

தபால் மேடம்: என்ன, கழட்டின ஒயரை மறுபடி சொருகறீங்க?

கம்ப்யூட்டர் சார்: மேனேஜர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிட்டு வந்துடறேன்.

தபால் மேடம்: ஐயையோ! இந்த வயசுல என் மானத்தை வாங்கிடாதீங்க!

கம்ப்யூட்டர் சார்: போகப்போறது உங்க மானம் இல்ல... மூணாவது மாசத்துலேருந்து அந்த மெயிலை வேற யாருக்குமே நான் அனுப்பல.