விக்னராஜா பாண்டின் பேஸ்காரன்

— அப்ப முடிவாச் சிட்னிக்குத்தான் போறீர், கல்யாணசுந்தரம்?

— ஆமா, ராஜாண்ணே. பரமட்டாவுல ஒரு கிளப். திங்கக்கிழமை சேரணும்.

— ஆளுயர பேஸ் வயலினை ரயிலில எப்பிடிக் கொண்டுபோவீர்?

— அதுக்கும் சேத்து டிக்கெட் வாங்கிட்டேன்.

— ஐசே, விக்னராஜா பாண்ட் எண்டால் இண்டைக்கு மெல்பர்ன் சனம் கியூவில நிக்குது. அறுபத்தெட்டில கப்பல் பாண்டில ட்ரம்ஸ் அடிச்சுக்கொண்டு வந்து இறங்கினனான். ஒரு கிளப்பும் கதவு திறக்கேல்லை. குசினியில கோப்பை கழுவ வாறியோ எண்டு கேட்டாங்கள். நானே பாண்ட் துவங்கினன். இப்ப அதே ஆக்கள் எனக்குக் காகிதம் எழுதுறாங்கள். இதை விட்டுட்டுப் போறீரோ?

— அதுல எனக்கும் பெருமைதாண்ணே. பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுல டான்ஸுக்கு வாசிச்சிக்கிட்டிருந்தவன் நான். ஜாஸ்னா என்னன்னு காட்டுனதே நீங்க. இந்த ஊர் ட்ரம்மர்ல பாதிப் பேரு உங்க கையைப் பாத்துப் பழகுனவங்க.

— பிறகென்ன?

— சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லும்.

— ரெண்டு வருசமா என்னை நீங்க நம்பறதில்ல. பியானோ சிறிதரன் எப்படி வாசிச்சாலும் அவன் பக்கம் திரும்ப மாட்டீங்க. நான் கை வச்சா மட்டும், பரீட்சை ஹால்ல காப்பி அடிக்கிறவனைப் பாக்கற மாதிரி என் விரலையே முறைக்கிறீங்க.

— பிழை விட்டீர் எண்டு ஒருநாளாவது சொன்னனானோ?

— சொல்லியிருந்தாக்கூடத் தேவலை! எனக்கும் முப்பத்தஞ்சு வயசாச்சு. இப்படிக் காவலுக்குக் கீழ நின்னு வாசிக்க என்னால முடியாதுண்ணே.

— குனிஞ்சு கதையாதையும். என்ர முகத்தைப் பாரும்.

— பாத்தீங்களா, இதையும் அதட்டித்தான் சொல்றீங்க!

— ஐசே, முகம் பார்த்தாத்தான் எனக்கு விளங்கும். பகல் முழுக்க டண்டினோங் பக்டரியில தகரம் வெட்டுற மெசின், பின்னேரம் ட்ரம்ஸ். காது ரெண்டும் போயிட்டுது.

— என்னண்ணே சொல்றீங்க?

— ரெண்டு வருசமாச்சு. முன்னால நிண்டு கதைச்சாச் சமாளிப்பன். பாண்ட் துவங்கினா எல்லாம் ஒரே இரைச்சல். பியானோ எது, டிரம்பெட் எது எண்டு பிரிச்சுக் கேக்கேலாது.

— பொய்! போன ஞாயித்துக்கிழமை ஒரு அடி பிசகலையே. ஜனம் எந்திரிச்சு நின்னு கைதட்டுச்சே!

— பிசகாது. இனியும் பிசகாது.

— காது கேக்காம எப்படிண்ணே?

— உம்மட விரல் பிசகிறேல்லை. அதைப் பார்த்துத்தான் நான் அடிக்கிறன்.

— அண்ணே...

— அழாதையும். நான் நிப்பாட்டப் போறேல்லை. நீர் போனால், விரல் சுத்தமான இன்னொருத்தனைத் தேடிப் பிடிப்பன். சிட்னியில நல்லா வாசியும்.

— யாரையும் தேட வேணாம். ஜனங்க என் முதுகைப் பாத்தாப் போதும். ஞாயித்துக்கிழமை நான் உங்களைப் பாத்து நின்னு வாசிக்கிறேன்.