நன்றி வேண்டாம்னு சொன்ன ஜெசிந்தா மேடம்

மக்களே, நியூஸ் வந்துடுச்சு, நம்ம ஃபிசியாலஜி ஜெசிந்தா மேடம் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க, ஜர்னலுக்கே நேரா மெயில் போட்டுட்டாங்க, ஜர்னல்காரங்க கட்டுரையை அப்படியே நிறுத்தி வச்சுட்டாங்க!

கை தட்டாதீங்க... இருங்க. எனக்கு உடம்பெல்லாம் எரியுது, நீங்க கை தட்டுறீங்க! என்ன கையெழுத்து, என்ன ஜர்னல்னு பின்னாடி நிக்கற ஜூனியர்ஸ் முழிக்கறீங்க, தெரியுது. அஞ்சே நிமிஷம் காதைக் குடுங்க. குட்டிக் கதைதான். ஆனா நடந்த கதை.

போன வருஷம்... ஃபிசியாலஜி லேப். நாங்க நூத்தம்பது பேரு, ஃபர்ஸ்ட் இயர். பி.பி. பாருங்கன்னாங்க. ஸ்டெத்தைக் காதுல மாட்டுனோம், கையில சுத்துன கஃப்ல காத்தடிச்சோம், ஒரு சத்தமும் கேக்கல. ரெக்கார்டு நோட்டுல என்ன எழுதுனோம்? ம்... சத்தமாச் சொல்லுங்க! ஆங், நூத்தியிருபதுக்கு எண்பது! நானும்தான்யா! மொத்த ஹாஸ்டலுக்கும் ஒரே பி.பி.!

மேடம் எண்ணிப் பாத்தாங்க. நூத்துப் பன்னெண்டு பேரு அதையே எழுதியிருந்தோம். வேற யாராவது இருந்தா ரெக்கார்டு ஜன்னல் வழியாப் பறந்திருக்கும். மேடம் என்ன சொன்னாங்க?

"டேய், 'கேக்கல மேடம்'னு சொல்ல உங்களுக்குப் பயம். இதே பயத்தோட வார்டுக்குப் போனீங்கன்னா ஒரு ஆளு செத்துருவாரு."

அவ்வளவுதான் திட்டு. அடுத்த வாரம் ஜோடி ஜோடியா உக்கார வச்சாங்க. ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கணும். சத்தம் கேட்ட உடனே மேசையைத் தட்டணும். மீட்டரைப் பாக்கறது இன்னொருத்தன். தட்டுன நேரத்துல என்ன நம்பரோ அதை ஒரு சீட்டுல எழுதணும், வாயைத் திறக்கக் கூடாது. கேக்கறவனுக்கு நம்பரே தெரியாதே... அப்புறம் எங்கேருந்து நூத்தியிருபது வரும்? ஏழு வாரம் நடத்துனாங்க. ஏழு வாரம்! கடைசியில என் காதுலயும் அந்தச் சத்தம் கேட்டுச்சு... டுப், டுப், டுப்னு. ஏய், சிரிக்காத, அன்னிக்கு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

இதைத்தான் மேடம் கட்டுரையா எழுதுனாங்க. மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸுக்கு எப்படிப் பாடம் நடத்தணும்னு ஆராய்ச்சி போடறதுக்குன்னே ஒரு ஜர்னல் இருக்கு, அதுக்கு. ஆனா டிபார்ட்மென்ட் தலைவர் ஹெச்.ஓ.டி. பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாது... அது டிபார்ட்மென்ட் வழக்கம். சிதம்பரநாதன் சார் பாத்தாரு. மூணு நாள் பாத்தாரு. எந்த இடத்துல திருத்துனாரு தெரியுமா? ஒரே இடம். பேரு இருக்கற இடம்!

முதல் பேரு, சார். ரெண்டாவது பேரு, சாரோட வீட்டம்மா. அவங்க கண் டிபார்ட்மென்ட்டுங்க! பி.பி.க்கும் கண்ணுக்கும் என்னய்யா சம்பந்தம்? மேடம் எங்க? கடைசிப் பக்கத்துல, அடியில, குட்டி எழுத்துல... "தகவல் சேகரிக்க உதவிய திருமதி ஜெசிந்தாவுக்கு நன்றி." டாக்டர்னுகூடப் போடல!

ஆனா சார் ஒண்ணைக் கோட்டை விட்டுட்டாரு. கட்டுரை அனுப்பறவங்களுக்கு அந்த ஜர்னல் போட்டிருக்கற விதியை அவரு படிக்கவே இல்ல. யாருக்கு நன்றி சொல்றீங்களோ, அவங்களும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். சார் கட்டுரையை அனுப்புனதும் ஜர்னல் அந்தச் சம்மத ஃபார்மைக் கேட்டுச்சு. சார் மேடத்தைக் கூப்பிட்டாரு. அட்டெண்டன்ஸ் குடுக்கப் போன நம்ம நஸ்ரின் வாசல்லயே நின்னு கேட்டிருக்கா. அவ சொன்னதை அப்படியே சொல்றேன்.

"வாம்மா, வாம்மா. ஒரே ஒரு கையெழுத்து. சும்மா ஃபார்மாலிட்டி."

"என்ன சார் இது?"

"உனக்கு நன்றி சொல்லியிருக்கேன்ம்மா. அதுக்கும் பர்மிஷன் வேணுமாம், பாரேன்!"

"சார்... நீங்க ஒரு நாள்கூட அந்த லேபுக்கு வரலையே."

"அட, லேபே என்னோடதுதானேம்மா!"

"சரி சார். எத்தனை வாரம் நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கையெழுத்துப் போடறேன்."

"ஒரு... மூணு வாரம், நாலு வாரம் இருக்கும்ல?"

கேட்டீங்களா? தான் எழுதுனதா சொல்ற கட்டுரையைத் தானே படிக்கல!

"எனக்கு நன்றி வேண்டாம் சார்." அவ்வளவுதான். பேனாவை மூடி அவரு மேசையிலயே வச்சுட்டு மேடம் வந்துட்டாங்க. அன்னிக்கே ஜர்னலுக்கு மெயில். "நான் உதவி பண்ணல. நான்தான் செஞ்சேன்."

ஜர்னல் இப்ப ரெண்டு பக்கமும் ஆதாரம் கேக்குது. பதினாலு நாள். மேடம் நம்ம நம்பரையெல்லாம் கணக்குப் போட்ட ஃபைல் இருக்கற லேப் கம்ப்யூட்டர் நேத்தே சார் ரூமுக்குப் போயிடுச்சு. "அடுத்த வருஷம் உன்னை வச்சுக்கறதா வேணாமான்னு யோசிக்கணும்"னு மேடத்துக்கிட்ட நேராவே சொல்லிட்டாரு. மிச்சம் இருக்கற ஆதாரம் என்ன? நம்ம சீட்டு. தேதி போட்டு, மேடத்துக்கிட்ட இனிஷியல் வாங்கி ரெக்கார்டுல ஒட்டுனோமே, அந்தச் சீட்டு!

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? சாரைத் திட்டறதுக்கா? அது கேன்டீன்லயே தினமும் நடக்குது! நேத்து குரூப்ல கேட்டேன், யாருகிட்டச் சீட்டு இருக்குன்னு. நூத்தம்பது பேரும் பாத்திருக்கீங்க. பதில் போட்டது? நாலு பேரு! நாலே பேரு! ஏன்? இன்டர்னல் மார்க்கு சார் கையில. எனக்கும்தான்யா மார்க்கு அவரு கையில! மேடத்தோட வேலையே அவரு கையில... அவங்க பேனாவை மூடலையா? அவரு பேரைத் திருடுனாரு, சரி. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டா நாம யாரு? அந்தக் கட்டுரையில மூணாவது, நாலாவது பேரு நாமதான்!

ரெக்கார்டு ஊர்ல இருக்கா? இப்பவே வீட்டுக்குப் போன் போடு, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்கன்னு சொல்லு. நாளைக்கு மத்தியானம் ஒரு மணி, லைப்ரரி வாசல். சீட்டு தொலைஞ்சுடுச்சா, வெறுங்கையோட வா. நடந்ததை நாலு வரி எழுதி, ரோல் நம்பரோட கையெழுத்துப் போடு. நான் பேசறதை ரெக்கார்ட் பண்றவங்க எல்லா பேட்ச் குரூப்லயும் போடுங்க.

யாரு யாரு வரீங்க? கையைத் தூக்குங்க... கடைசி வரிசை, தலை சொறியற மாதிரி தூக்காதய்யா... நல்லாத் தூக்கு!