மாமாவின் கனத்த குரல்

“ஹலோ... ஹலோ... அக்கா, நான்தான். ஓடுது! ... ஆமா ஆமா, டேப் ரெக்கார்டர்தான். வேற என்ன ஓடும், என் புத்தியா? ... அட, நெஜமாத்தான் சொல்றேன். எண்ணெய் விட்ட மாதிரி ஓடுது.”

அவனுக்கு லிப்ட் ரிப்பேர் உத்தியோகம். லீவு நாளில் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அக்கா வீட்டுக்காரரின் டேப் ரெக்கார்டரைக் குடலை உருவிச் சரிபண்ணியிருந்தான். மறுநாள் சாயங்காலம் மாமாவுக்கு ஆபீஸில் பணி ஓய்வு விழா. வாலிபத்தில் தான் பாடிக் கேசட்டில் பதிந்த பாட்டை அங்கே எல்லோருக்கும் போட்டுக் காட்டப்போவதாக மாமா மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் நேரம் பார்த்து மக்கர் பண்ணிவிட்டது.

“என்ன ஆச்சா? பெல்ட்டு தாராட்டம் உருகிப்போய், தொட்டா கையில ஒட்டுது. டேப்பை இழுத்துக் குடுக்குற ரப்பர் ரோலர் கல்லாட்டம் இருக்கு. மாமா இதைப் பூவாட்டம் வச்சிருந்தேன்னு சொன்னாரே, இந்தப் பூவைத்தானா? ... சரி சரி, திட்டல. ... ஆமா, ரெண்டையும் மாத்திட்டேன். அப்புறம் ஸ்பீடு. மோட்டாருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு, அதுக்குள்ள குட்டியா ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினா வேகம் கூடும், குறையும். ... கேளு, கேளு. கடையில வாங்குன கேசட்டை இதுல போட்டேன். அதே பாட்டைப் போன்லயும் போட்டேன். ரெண்டும் ஒண்ணாப் பாடுற வரைக்கும் திருகினேன். இப்ப அச்சு அசல். ... ஆமாக்கா, இத்தன வருஷமா மெதுவாத்தான் ஓடிட்டிருந்திருக்கு. அதான் உங்க வீட்டுல எந்தக் கேசட்டைப் போட்டாலும் இழவு வீடாட்டம் கேக்கும். மாமாகூட, பாடுறவங்களுக்கெல்லாம் ஜலதோஷம்னு சொல்லுவாரே...”

அவன் சிரித்தான். பிறகு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

“அக்கா, மாமா பக்கத்துல இருக்காரா? ... குளிக்கிறாரா. நல்லதாப் போச்சு. ஒரு சின்ன சிக்கல். ... மெஷின்ல இல்ல. மாமா கேசட்டுல. ... அறுந்தெல்லாம் போகல, பயப்படாத. போட்டேன். பாடுது. ஆனா மாமா குரல்... எப்பிடிச் சொல்றது... பொம்பளைக் குரலாட்டம் இருக்கு. ... நான் கேலி பண்ணல. ... அதெல்லாம் சரிபாத்துட்டேன். மத்த கேசட்டெல்லாம் சரியாப் பாடுது. இது மட்டுந்தான்...”

மேசையில் கிடந்த மெஷினையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. பாடியவள் தன்னையே கேலி செய்துகொள்வது போல மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்டு வருகிறான்.

“அக்கா. ... அது நீ. ... ஏய், மழுப்பாத. அது நீதான். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? ... உனக்கு முன்னாடியே தெரியுமா! ... எப்ப இருந்து? ... மொதல்ல இருந்தேவா!”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இரு, இரு, மெதுவாச் சொல்லு. ... ம். ... ரெண்டு பேருமே பாடுனீங்களா? ... மாமா மொதல்ல. அப்புறம் அதே பாட்டை நீ. ... சரி. ... மாமா வெளிநாட்டு வேலைக்குப் போனப்புறம், மெஷின் டேப்பை முழுங்கிருச்சு. ... மாமா பாடுன துண்டை மட்டுமா? அதுக்கும் ரசனை இருக்கு பாரு. ... சரி, சரி, சொல்லு. ... கசங்குனதை வெட்டிட்டு ஒட்டிட்டே. மிச்சம் இருந்தது நீ பாடுனது மட்டும். ம். ... அவர் திரும்பி வர்றதுக்குள்ள மெஷினும் தளந்துபோச்சு. போட்டுக் கேட்டா கட்டைக் குரல். அவரு தன் குரல்னே நெனச்சுட்டாரு. ... அடப்பாவமே! நீ வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாமே?”

அதற்குப் பதில் நீளமாக வந்தது. அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தான்.

“ம். ... ஆமா, அந்த வேலை போய்த்தானே வந்தாரு. எனக்கு ஞாபகம் இருக்கு. பெட்டிகூடப் பிரிக்காம மொட்டு மொட்டுன்னு உக்காந்திருப்பாரு. ... இதைக் கேட்டுட்டுத்தான் மொதல் தடவையா சிரிச்சாரா? ... ம். ... நீ சொல்ல நெனச்சு, நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டே. ... அந்த நாளை வரவே இல்ல. ... சரிக்கா, அன்னிக்கு விட்டது சரி. அப்புறம்? வர்ற விருந்தாளிக்கெல்லாம் போட்டுக் காட்டுறாரே! நீ காபி டம்ளரைத் தூக்கிக்கிட்டு நிப்பே, ‘இவளுக்குப் பாட்டெல்லாம் வராது’ன்னு உன் எதுக்கவே சொல்லுவாரே! என் காதால எத்தனை தடவை கேட்டிருக்கேன்! அடுப்படியில நீ லேசா முணுமுணுத்தாக்கூட... பழகிருச்சா? பழகிருச்சுன்னா சரியாப்போச்சா? ... நான் கத்தல. ... சரி, கத்துனேன்.”

அவன் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான்.

“என்ன? ... திரும்பவும் மெதுவாக்கணுமா? அக்கா, ராத்திரி பகல் பாக்காம சரிபண்ணுன மெஷினை என் கையாலயே கெடுக்கச் சொல்றியே, நியாயமா? நாளைக்கு லிப்டையும் பாதியில நிப்பாட்டச் சொல்லுவே போல. ... தெரியுது. நாலு பேர் முன்னால மானம் போகும். ... ஒரே ஒரு பெருமைதான் அந்த மனுசனுக்கு, சரி. ... சரிக்கா, சரி. திருகிடுறேன். உன் புருசன், உன் பாட்டு, நான் யாரு? ... ஆனா ஒண்ணு. திருகுறதுக்கு முன்னால ஒரு தடவை கேக்குறியா? ... உன் குரலை நீயே கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? ... அவரு வந்தா வரட்டும். ஸ்பீக்கர்ல போடு. ... போட்டுட்டியா? இந்தா...”

அவன் பட்டனை அமுக்கினான். சக்கரங்கள் இரண்டும் நிதானமாகச் சுற்ற, கல்யாணமான புதிதில் அவன் அக்கா பாடிய பாட்டு அந்தச் சின்ன அறையில் கிளம்பியது. போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். பாட்டு முடிந்தது. அந்தச் சிரிப்பும் முடிந்தது. அவன் போனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

“அக்கா? ... அழுறியா? ... அக்... மாமா! வாங்க மாமா, குளிச்சாச்சா? ... ரெடி மாமா, ஜம்முனு ரெடி. ... இப்பப் பாடுனதா? அது... சும்மா ஒரு கேசட்டு, ஓட்டிப் பாத்தேன். ... யாரோ ஒரு பொம்பளை மாமா, எனக்கென்ன தெரியும். ... ஆமா, நீங்க பாடுவீங்களே, அதே பாட்டுதான். ... நல்லா இல்லையா? ... பாட்டுல பாவமே இல்லையா? ... ஓஹோ, மூச்சு எங்க விடணும்னு தெரியலையா. ... நீங்க சொன்னா சரிதான் மாமா.”

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“என்னது மாமா? ... நம்ம அக்காவாட்டம் பாடுறாளா! ... ஆமா ஆமா. பாத்திரம் தேய்க்குறப்போ பாடலாமா, அதுக்கு மேல தாங்காதா. ... ஹி ஹி. அக்கா அங்கதானே நிக்குறா மாமா? ... சரி மாமா. நாளைக்கு நானே நேரா ஆபீஸுக்குக் கொண்டாந்துடுறேன். அக்காகிட்டக் குடுங்க.”

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். மோட்டாருக்குப் பின்னால் ஓட்டையைத் தேடி நுனியை வைத்தான்.

“அக்கா? ... இல்ல, இன்னும் திருகல. இப்பத்தான் வைக்கிறேன்... என்ன? ... வேண்டாமா? ... அக்கா, விளையாடாத. நாளைக்கு ஆபீஸே உக்காந்திருக்கும். மைக்கு வேற வச்சுப் போடுவாரு... நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா? ... மெதுவாப் பேசு, அவரு காதுல விழும். ... விழட்டுமா! ... சரி. ... சரிக்கா. கடைசி வரிசைக்கும் கேக்கணுமா? கேக்கும், அதுக்கு நான் பொறுப்பு. ... நாளைக்கு நீயும் வருவேல்ல? ... முன் வரிசையிலயா? ... ஹலோ? ... அக்கா?”

அக்கா போனை வைத்துவிட்டாள். அவன் ஸ்க்ரூடிரைவரை டூல்ஸ் பெட்டிக்குள் போட்டு மூடினான். பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து, டேப் உரசிப்போகும் ஹெட்டை, ஒரு தூசு இல்லாமல், பளபளவென்று துடைக்க ஆரம்பித்தான்.