வெளியே போக எத்தனை வாசல்?

— கதவைத் தொட்டே, எஸ்பென், இந்த ஃபிலிமுக்குப் பதிலா உன்னைக் கழுவித் தொங்கவிட்டுருவேன்.

— தொடல தாயே. இருட்டுல செவுத்தோட ஒட்டி நிக்கறேன். மணி என்ன, ரிக்கே?

— பத்தே முக்கால். பதினோரு மணிக்கு நம்ம பேராசிரியர் இதைப் பாக்கணும். சரியா வரலைன்னா என் கட்டுரையை வாபஸ் வாங்கிடுவாராம். மூணு வருஷ உழைப்பு.

— இல்ல பாரு, பேசாம நீயே வாங்கிடு. ஹோல்ம்கோர் பெரிய ஆளு. உட்கருவை எவ்வளவு ரொப்பினாலும் எல்லா ஆர்.என்.ஏ.வும் தாராளமா வெளிய வந்துடுதுன்னு அச்சுலயே போட்டுட்டாரு.

— போட்டா? அதை என் தவளை முட்டை படிச்சுதா? உட்கருவுக்குள்ள ஊசியால டி-ஆர்.என்.ஏ.ங்கற ஒரு வகையை மூட்டை மூட்டையா ஏத்தறேன். அதோட வாசல்ல நெரிசல், உள்ளேயே மாட்டிக்குது. இன்னொரு வகை, எம்-ஆர்.என்.ஏ., அது பாட்டுக்கு வேற வாசல்ல நடையைக் கட்டுது. ஆள் வேற, வாசல் வேற.

— அப்ப அவருக்கு ஏன் நெரிசலே வரல?

— அதான் ஆறு மாசமா மண்டையக் குடையுது. இங்க வர்றதுக்கு முன்னாடி அவர் லேப்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தவன் நீ. சொல்லேன்.

— இல்ல பாரு... ஃபிலிம் ஊறிடுச்சா?

— ஊறிடுச்சு. விளக்கைப் போடு. ஓரத்தைப் பிடி, ஓரத்தை. என்ன தெரியுது?

— டி-ஆர்.என்.ஏ. உட்கருவுக்குள்ளயே கெடக்கு. கன்னங்கரேல்னு கோடு. எம்-ஆர்.என்.ஏ. வெளிய.

— நாலாவது தடவை. நாலு தடவையும் இதேதான். ஆனா ஹோல்ம்கோருக்கு மட்டும் எப்படி எல்லாம் வெளிய வந்துச்சுன்னு பேராசிரியர் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அது என்ன பெட்டி?

— பாதாம் கேக். மழைல சைக்கிள்ல கொண்டாந்தேன்.

— யாருக்குப் பிறந்தநாள்?

— யாருக்கும் இல்ல.

— அப்ப தப்புப் பண்ணினவங்க வாங்கற கேக்கு. போன மாசம் குளிர்பெட்டியைத் திறந்து போட்டுட்டுப் போனதுக்கு நான் வாங்கினேன். நீ எதை உடைச்ச?

— இங்க ஒண்ணும் உடைக்கல. போன வாரம் எனக்கு ஊசி போடக் காட்டினேல்ல, உட்கரு முட்டையோட கறுப்புப் பாதியிலதான் இருக்கும், அங்க குத்துன்னு?

— ஆமா. அது முதல் நாள் பாடம். அதுக்கென்ன?

— ஹோல்ம்கோர் கட்டுரைக்கு முட்டை பூரா ஊசி போட்டது நான்தான், ரிக்கே. ஊசிமுனை பளிச்சுனு தெரியுதேன்னு ரெண்டு வருஷமும் வெள்ளைப் பக்கமாவே குத்தினேன்.