பதில் சொல்லாத கூட்டாளி

அரியலூரில் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டில் சுண்ணாம்புக்கல் குவாரி ஆட்கள் இருவர் இருந்தார்கள்.

"கோவிச்சுக்கிட்டவனோட வெடி வைக்கக் கூடாதுண்ணே," என்றார் இளையவர்.

"மேனேஜர் சார் ஏன் ஒன்னையும் அவனையும் ஒரே செட்டுல போட்டாரு?" என்றார் பெரியவர்.

"ஒண்ணா வேலை பாத்தா ராசியாயிருவீங்கன்னாரு. இன்னைக்கு வெடிக்கு முன்னாடி, 'குழிய விட்டு மேல வந்துட்டியாடா'ன்னு கத்துறேன். பதிலே இல்ல. பயந்து போய்ப் பாத்தா, மேலதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கிறான்."

"புருஷன் பொண்டாட்டி சண்டையே தோத்துச்சு, போ!" என்று சிரித்தார் பெரியவர்.

"நாளைக்கும் பதில் வரலன்னா, கோவத்துல இருக்கானா, குழிக்குள்ள இருக்கானான்னு எப்படிண்ணே தெரியும்?"

பெரியவரின் சிரிப்பு நின்றது. "இப்பவே போனப் போட்டுப் பேசு."

"ரிங் போவுதுண்ணே. எடுக்க மாட்டேங்கிறான்."

"மறுபடி போடு."

மடியில் கோயில் பிரசாதம் இருந்தது. மாரியம்மா, அந்தப் பிள்ளை போனை எடுக்கட்டும் என்று ஜெயங்கொண்டம் வரைக்கும் வேண்டிக்கொண்டே வந்தேன்.